குழந்தைக்கு ஈஓஈ: உணவுச் சிகிச்சையைக் குமரி மாவட்டத்தில் இருந்தபடி நடத்துவது எப்படி

எண்டோஸ்கோப்பி முடிந்து, பயாப்ஸி அறிக்கையில் ‘ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ்’ (சுருக்கமாக ஈஓஈ) என்று வந்து, “டயட் முயற்சி செய்து பார்க்கலாம்” என்று மருத்துவர் சொல்லி, ஒரு தாளோடு வீடு திரும்பியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குக் கிடைத்த தாளில் பால், கோதுமை, முட்டை, சோயா என்று நான்கு சொற்கள்தான் இருந்தன. மில்லில் அரைக்கும் புட்டு மாவைப் பற்றியோ, பெருங்காயத்தைப் பற்றியோ, எத்தனை முறை திரும்ப வரவேண்டியிருக்கும் என்பதைப் பற்றியோ ஒரு வரி இல்லை. நான் மருத்துவர் இல்லை, பிள்ளையோடு அலைந்த ஒரு அம்மா. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்கிறபடிதான்.

நோயைப் பற்றி இரண்டு வரி போதும். உணவுக்குழாயின் உள்சுவரில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்து அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் சில உணவுகளின் புரதம்தான் அதைத் தூண்டுகிறது. அந்த உணவை எடுத்துவிட்டால் அழற்சி அடங்கும். ஆனால் அடங்கியதா இல்லையா என்பது பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியாது. வலி போயிருக்கும், உள்ளே அப்படியே இருக்கும். வலி மிச்சம் இருக்கும், உள்ளே சரியாகியிருக்கும். திரும்ப எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதனால் அடுத்த எண்டோஸ்கோப்பிக்குத் தேதியும் பணமும் முடிவாகாமல் ஒரு உணவையும் நிறுத்தாதீர்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை: தொண்டையில் அடைத்தால்

மீன்முள் சிக்கினால் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொல்வதும், மட்டிப்பழத்தை மெல்லாமல் முழுங்கச் சொல்வதும் நம் பக்கத்து வழக்கம். ஈஓஈ உள்ள பிள்ளைக்கு உணவு அடைத்துக்கொண்டால் அதைச் செய்யவே கூடாது, அடைப்பு இன்னும் இறுகும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிந்தால், வாயில் எதுவும் கொடுக்காமல் எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். மூச்சுத் திணறினால் 108. வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

1. முதல் அறிக்கையை முழுதாகக் கையில் வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் தாளில் ‘ஈஓஈ’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. பயாப்ஸி அறிக்கையில் எண் இருக்க வேண்டும்: நுண்ணோக்கியின் ஒரு ஹை பவர் ஃபீல்டில் அதிகபட்சம் எத்தனை ஈசினோஃபில்கள் என்று. 15 அல்லது அதற்கு மேல் என்பதுதான் நோய்க்கான அளவுகோல். ‘ஈசினோஃபில்கள் கூடுதலாக உள்ளன’ என்று எண் இல்லாமல் வந்தால், எண்ணித் தரச் சொல்லி ஆய்வகத்திடம் கேளுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கையை எதோடு ஒப்பிடுவீர்கள்?

உணவுக்குழாயின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று குறைந்தது இரண்டு இடங்களில் இருந்து, மொத்தம் ஆறு துண்டாவது எடுத்திருக்க வேண்டும். அழற்சி திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு துண்டில் தப்பிவிடும்.

ஒரு கோப்பு போடுங்கள். அதில் எண்டோஸ்கோப்பி அறிக்கையும் படங்களும், பயாப்ஸி அறிக்கை, அந்த நேரத்தில் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகளின் பெயரும் அளவும், எடை உயரப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை நகல், பரிந்துரைக் கடிதம் இருக்கட்டும். எல்லாவற்றையும் படம் எடுத்துக் கைப்பேசியிலும் வையுங்கள். சதைத் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் ஆய்வகம் வைத்திருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாறினால் கேட்டு வாங்கலாம், புதிதாக மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியதில்லை.

2. எங்கே பார்ப்பது

பொதுவான குழந்தை மருத்துவர் போதாது, குழந்தைகளுக்கான குடல் மருத்துவர் தேவை. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். மதுரை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதனால் பலரும் திருவனந்தபுரம்தான் போகிறார்கள். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனை அரசு மருத்துவமனை, தனியாரும் உண்டு. வடசேரியில் இருந்து பேருந்து, ஜங்ஷனில் இருந்து ரயில். காலை ஓ.பி.க்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் நேரம் போய்விடும்.

மாதாமாதம் எடை, உயரம் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை போன்றவற்றுக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடமோ பார்த்து எண்களை மட்டும் அனுப்பலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எத்தனை உணவை நிறுத்துவது

இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறோம். நிறைய நிறுத்தினால் சீக்கிரம் சரியாகும் என்று தோன்றும். வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

பிள்ளைகளுக்கு அதிகம் தொந்தரவு தருவது பால். அடுத்துக் கோதுமை, முட்டை, சோயா. பாலை மட்டும் நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு அடங்குகிறது, ஆய்வுக்கு ஆய்வு இது கூடும் குறையும். நான்கையும் நிறுத்தினால் 60 சதவீதத்தைத் தாண்டும். கொட்டைகள், நிலக்கடலை, மீன், இறால் வகைகளையும் சேர்த்து ஆறு உணவு நீக்கம் என்றால் 70 சதவீதம் அளவில். எல்லா உணவையும் நிறுத்தி அமினோ அமிலப் பால்மாவு மட்டும் கொடுத்தால் 90 சதவீதம் அளவில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 400 கிராம் டப்பா ஒன்றில் சுமார் 1,900 கலோரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,300-க்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு டப்பா ஒன்றரை நாள் தாங்காது, டப்பாவின் விலையோ ஆயிரங்களில். சுவையும் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, சிலருக்கு மூக்கு வழியே குழாய் போட வேண்டிவரும். எடை மிகக் குறைந்த கைக்குழந்தைக்கு மருத்துவரே வலியுறுத்தினால் தவிர, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பாலில் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொரு படியாக ஏறுவதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நடக்கக்கூடிய காரியம் என்பது என் கருத்து. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம்: நான்கு உணவு நீக்கம் வரைக்கும் மீன் தட்டில் இருக்கும்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “சோயா மட்டுமா, பருப்பு வகை எல்லாமுமா?” சில இடங்களில் சோயாவோடு எல்லாப் பயறு, பருப்பையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சோயா மட்டும் என்றால் மீல்மேக்கர், சோயா சாஸ் போனால் முடிந்தது. எல்லாப் பருப்பும் என்றால் உளுந்தும் போகும். இட்லி, தோசை, சாம்பார், கஞ்சிக்குப் பயறு எல்லாம் போகும். வீட்டுச் சமையலே தலைகீழாகிவிடும்.

எந்த உணவு என்று ரத்தத்தில் தெரியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ஈஓஈயைத் தூண்டும் உணவை நம்பகமாகக் காட்டுவதில்லை. சாப்பிட்ட உடனே தடிப்பு, மூச்சுத் திணறல் வரும் அலர்ஜிக்கு அவை உதவும், அது வேறு. ‘உணவு ஒவ்வாமை பேனல்’ என்று நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துத் தரும் பரிசோதனை சுத்த வீண். அந்தப் பணம் ஒரு எண்டோஸ்கோப்பிக்கு உதவும்.

4. எண்டோஸ்கோப்பிகளை எண்ணி, பணத்தைக் கணக்கிடுங்கள்

பாலை மட்டும் நிறுத்தி, பலித்தால்: திரும்ப ஒரே ஒரு எண்டோஸ்கோப்பி. நான்கையும் நிறுத்தினால்: பலித்ததா என்று பார்க்க ஒன்று, பிறகு ஒவ்வொரு உணவையும் திரும்பக் கொடுத்துப் பார்க்க நான்கு வரை, ஆக ஐந்து. ஆறு உணவு என்றால் ஏழு வரை. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம். ஆறு உணவு நீக்கத்தைத் தொடங்கும்போது ஒன்றரை, இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“எண்டோஸ்கோப்பிக்கு எவ்வளவு?” என்று கேட்டால் செயல்முறைக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். மயக்க மருத்துவர் கட்டணம், அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகள், டே-கேர் (அன்றே வீடு திரும்பும்) படுக்கை, பயாப்ஸி, இவை தனித்தனி. பயாப்ஸியை, சதைத் துண்டு போட்டு அனுப்பும் டப்பாக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கிடும் ஆய்வகங்கள் உண்டு. மேல்பகுதி ஒன்று, கீழ்ப்பகுதி ஒன்று என்றால் இரண்டு டப்பா. “எல்லாம் சேர்த்து, எழுத்தில்” என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு கூடுதல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் தேவை. அட்டை இருக்கிறது என்பதாலேயே எண்டோஸ்கோப்பிக்குச் செல்லும் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்த மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில், அந்தச் செயல்முறையின் பெயரைச் சொல்லி, அனுமதி வருமா என்று முன்பே கேளுங்கள். கேரள மருத்துவமனை என்றால் கட்டாயம் கேளுங்கள். தனியார் பாலிசிகள் பெரும்பாலும் வெளிநோயாளிப் பரிசோதனைக்குத் தருவதில்லை. டே-கேர் அனுமதியாகப் பதிவானால்தான் கோரிக்கை வைக்க முடியும், அதையும் முன்கூட்டிப் பேசுங்கள்.

5. நாள் குறியுங்கள்

நிறுத்திய உணவின் பலனைப் பார்க்க 8 முதல் 12 வாரம் வேண்டும். இந்த வாரங்களில் இடையில் ஒரு நாள் கேக் சாப்பிட்டால் அறிக்கையை நம்ப முடியாது. அதனால் காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நவம்பர் கடைசியில் தொடங்குவது நம் மாவட்டத்தில் ஆகாத காரியம். கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பேக்கரி வாசனை விடாது. பொங்கல் முடிந்த மறுநாள் தொடங்கினால் 12 வாரம் ஏப்ரல் பத்தை ஒட்டி முடியும், முழு ஆண்டு விடுமுறையில் எண்டோஸ்கோப்பி வைத்துக்கொள்ளலாம். இடையில் மண்டைக்காடு கொடை வரும், அதை ஒரு பாத்திரம் கருப்பட்டிக் கொழுக்கட்டையோடு சமாளிக்கலாம். இல்லையென்றால் ஜூலை முதல் வாரம் தொடங்கி, காலாண்டு விடுமுறைக்கு. இதில் ஓணம் குறுக்கே வரும்.

இன்னொரு பொறி: அமிலம் குறைக்கும் பிபிஐ மருந்தே சில பிள்ளைகளுக்கு ஈஓஈயை அடக்கிவிடும். விழுங்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் அப்படித்தான். டயட்டையும் மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே மருந்து ஓடுகிறது என்றால், அதை அதே அளவில் தொடர்வதா, நிறுத்திவிட்டுத் தொடங்குவதா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள்.

6. சமையலறை

நல்ல செய்தி முதலில். பாலும் கோதுமையும் இல்லாமல் சாப்பிட நம் மாவட்டத்தைவிட வசதியான இடம் குறைவு. அரிசிப் புட்டு, இடியாப்பம், தேங்காய்ப்பால், மரச்சீனியும் மீன்குழம்பும், அவித்த ஏத்தம்பழம், தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ், கேழ்வரகுப் புட்டு, கருப்பட்டி. பிள்ளை ‘ஸ்பெஷல்’ சாப்பாடு சாப்பிடுவதாகவே தெரியாது. வீடு முழுவதும் அதையே சாப்பிட்டால் இன்னும் நல்லது.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

பால் என்றால் தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்துத்தான். நெய்யிலும் கொஞ்சம் பால்புரதம் தங்கும், முயற்சிக் காலத்தில் வேண்டாம். ஆட்டுப்பால், எருமைப்பால் பதிலாகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் கிடைக்கும் ‘லாக்டோஸ் நீக்கிய’ பாலும் பதிலாகாது. அதில் சர்க்கரையைத்தான் மாற்றியிருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது. அவியலிலும் புளிசேரியிலும் தயிர் இருக்கும் என்பதை விருந்து வீட்டில் மறந்துவிடுவோம்.

கோதுமை என்றால் மைதா, ரவை, சேமியா, ரஸ்க், பன். இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அரிசி மாவு கலந்த வகையும் கிடைக்கிறது. சாம்பார்ப் பொடி, ஊறுகாய், மிக்சர் எல்லாவற்றிலும் இந்தப் பெருங்காயம்தான். சாயாக்கடைப் பழம்பொரியின் மாவு மைதா. அதே எண்ணெயில் பொரித்த பருப்புவடையும் வேண்டாம்.

அப்புறம் மாவு மில். உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் புட்டு மாவின் முதல் படி கோதுமைதான். காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், அல்லது வீட்டு மிக்சியில் இடித்துக்கொள்ளுங்கள். மில்காரரிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்.

7. லேபிள் படிப்பது

பாக்கெட்டின் பச்சைப் புள்ளி சைவம் என்பதற்குத்தான், பால் இல்லை என்பதற்கு அல்ல. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி பால், முட்டை, கோதுமை போன்ற தானியங்கள், சோயா, நிலக்கடலை, கொட்டைகள், மீன், இறால் நண்டு வகை ஆகியவை இருந்தால் பொருள் பட்டியலுக்குக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வரியை முதலில் தேடுங்கள். கேசின், கேசினேட், வே (whey), மில்க் சாலிட்ஸ் எல்லாம் பால்தான். மால்ட் கலந்த ஊட்டச்சத்து பானங்களில் பெரும்பாலும் பார்லி, கோதுமை, பால் மூன்றும் ஒன்றாக இருக்கும். இருமல் மருந்து, வைட்டமின் மாத்திரை வாங்கும்போதும் மருந்துக்கடையில் கேளுங்கள்.

8. எடையும் கால்சியமும்

பாலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பால் கொடுக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம், ஏழு முதல் ஒன்பது வயதுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு தம்ளர் பாலை நிறுத்தினாலே 240 அளவில் குறைகிறது. 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 175 கிடைக்கும். முள்ளோடு மென்று தின்னும் அளவுக்கு வறுத்த நெத்திலி, முருங்கைக்கீரை, எள் ஆகியவை கைகொடுக்கும். ஆனால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு முள்ளோடு கொடுக்காதீர்கள், அரைத்துக் குழம்பில் சேர்க்கலாம். பெரும்பாலும் கால்சியம், வைட்டமின் டி மருந்தும் தேவைப்படும். முதல் சந்திப்பிலேயே டயட்டீஷியனைப் பார்க்கக் கேளுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

9. பள்ளி, அங்கன்வாடி, பாட்டி வீடு

மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எந்த உணவு கூடாது, எந்தத் தேதி வரை. வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லை. அரசுப் பள்ளிக் காலை உணவில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா எல்லாம் உண்டு. மதிய உணவில் முட்டை உண்டு. அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை உண்டு. ஆசிரியரையும் சமையல் அக்காவையும் நேரில் பார்த்துக் கடிதத்தைக் கொடுங்கள். வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் வரும் நாளுக்கு மாற்றாகக் கடலைமிட்டாயோ, கடலை கூடாது என்றால் எள்ளுருண்டையோ ஆசிரியரிடம் ஒரு டப்பாவில் கொடுத்து வைக்கலாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் வயது என்றால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அப்பம் கோதுமை, குளூட்டன் குறைத்த அப்பமும் கோதுமைதான். கிண்ணத்தில் இருந்து மட்டும் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

வீட்டுப் பெரியவர்கள்தான் கடினம். “ஒரு மடக்கு சாயா குடிச்சா பிள்ளைக்கு என்ன வந்திரப் போவுது?” என்று என் மாமியார் கேட்டார். வாதம் செய்து பயனில்லை. பயாப்ஸி அறிக்கையில் இருந்த எண்ணைக் காட்டி, இதை 15-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், தவறினால் இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டிவரும் என்று சொன்னேன். ‘மயக்கம்’ என்றதும் கட்டன்சாயாவுக்கு மாறிவிட்டார்.

10. திரும்ப எண்டோஸ்கோப்பி

போகும் முன் வாரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் பட்டினி நேரத்தை உறுதிசெய்யுங்கள். பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மயக்க மருத்துவர் திருப்பி அனுப்பலாம், கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். அன்று மாலை வரை பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம் இருக்கும், பேருந்தை நம்பாமல் காரோ முன்பதிவு செய்த ரயிலோ ஏற்பாடு செய்யுங்கள். விழித்ததும் மருத்துவமனையில் பிஸ்கட்டும் பால் சாயாவும்தான் நீட்டுவார்கள். உங்கள் பையில் இடியாப்பம் இருக்கட்டும். முதல் முறை போலவே எண்ணோடு அறிக்கை கேளுங்கள்.

எண் 15-க்குக் கீழே வந்தால் பலித்தது. வராவிட்டால் அடுத்த படி: இன்னும் சில உணவுகளை நிறுத்துவது, அல்லது மருந்துக்கு மாறுவது. மருந்துக்கு மாறுவது தோல்வி அல்ல. சில பிள்ளைகளுக்கு, சில குடும்பங்களுக்கு அதுதான் பொருத்தம்.

11. உணவைத் திரும்பக் கொடுப்பது

ஒரு நேரத்தில் ஒரே உணவு. பெரும்பாலும் தொந்தரவு குறைந்ததில் இருந்து தொடங்குவார்கள்: சோயா, முட்டை, அப்புறம் கோதுமை, கடைசியில் பால். தினமும் சாதாரண அளவில் இரண்டு மாதம் வரை கொடுத்துவிட்டு எண்டோஸ்கோப்பி. எண் ஏறினால் அந்த உணவு நிரந்தரமாக வெளியே. ஏறாவிட்டால் தட்டில் இருக்கட்டும், அடுத்த உணவுக்குப் போகலாம்.

இதில் ஒரு கவனம்: நீண்ட காலம் நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது சில பிள்ளைகளுக்கு உடனடி அலர்ஜி, அதாவது தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரலாம். ஏற்கெனவே அலர்ஜி, கரப்பான், ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் முதல் வாயை வீட்டில் கொடுக்காமல் மருத்துவர் முன்னிலையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு எண்டோஸ்கோப்பிக்குப் பிறகும் பள்ளிக் கடிதத்தைப் புதிய தேதியோடு மாற்றி வாங்குங்கள். பழைய கடிதம் ஆசிரியரிடம் இருந்தால், திரும்பக் கொடுக்கத் தொடங்கிய முட்டையைப் பிள்ளையின் தட்டில் இருந்து அவரே எடுத்துவிடுவார், உங்கள் இரண்டு மாதக் கணக்கு தப்பிவிடும்.